எல்லாக் கப்பலும் ரஜூலாதான்

மலேசியாவில் ஆறாம் படிவத்தில் பெங்காஜியான் ஆம் என்னும் பொதுப் பாடத்துக்கு எல்லாரும் ஒரு கெர்ஜா குர்சுஸ், அதாவது ஆய்வுப் பணி, செய்தாக வேண்டும். நான் முதலில் எழுதிக் கொடுத்தது 'இளையோரும் சமூக ஊடகமும்'. வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் கொடுத்திருந்தார்கள். சிக்கு (ஆசிரியர்) தாளைத் திருப்பிக் கொடுத்து, "நீ வீட்டுக்குப் போகிற வழியில் என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

என் வழியில் இருப்பது பினாங்கு ஜார்ஜ்டவுனின் பினாங்கு வீதியும் லெபோ பாசாரும். அங்கே கடைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிற, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர்கள். சரி, அவர்கள் பயணக் கதையே தலைப்பு என்று முடிவு செய்தேன்.

மலாயில் இருபது கேள்விகள் அடித்து முப்பது தாள் கொடுத்தேன். நான்குதான் திரும்பி வந்தன. அதில் ஒன்றின் பின்பக்கம் வெங்காயக் கணக்கு. தாளை விட்டுவிட்டு, அனுமதி கேட்டு, தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்துக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. கேட்டதையெல்லாம் மலாயில் எழுதுவது இன்னொரு பாடு. 'ஊருக்குப் போனேன்' என்பதைப் 'பாலேக் கம்போங்' (சொந்தக் கிராமத்துக்குத் திரும்புவது) என்று எழுதினால், எந்தக் கம்போங், பக்கத்து மாநிலம் கெடாவா என்று சிக்கு கேட்கிறார்.

பூக்கடைத் தாத்தா ஒருவர், 1975-இல் ஊருக்குப் போய், இந்தியாவுக்கும் இங்கேயும் ஓடிய ரஜூலா கப்பலில் திரும்பியதாகச் சொன்னார். அப்படியே எழுதிவிட்டேன். ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது சரிபார்த்தால், 1926-இல் கட்டிய ரஜூலா 1973-இல் இந்த ஓட்டத்தை விட்டுவிட்டது. 1974-இல் பம்பாயில் உடைத்தும் விட்டார்கள். உடைத்த கப்பலில் எப்படி வந்தார்? எண்பது வயதுக்காரரிடம் 'நீங்கள் சொன்னது தப்பு' என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் மெல்ல ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். பழைய பாஸ்போர்ட்டுக்குள் மடித்த டிக்கெட். கப்பல் பெயர் 'சிதம்பரம்'. 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததே, அதே எம்.வி. சிதம்பரம்.

"அட, ஆமா தம்பி. எங்களுக்கு எந்தக் கப்பலும் ரஜூலாதான்" என்று சிரித்தார்.

பற்பசை எதுவானாலும் கோல்கேட் என்கிறோமே, அந்த மாதிரி. மற்ற பதிவுகளையும் திரும்பக் கேட்டேன். ஏழு பேரில் மூன்று பேர் சொன்ன ரஜூலா, ஆண்டுக் கணக்குப்படி ரஜூலாவாக இருக்கவே முடியாது. பயந்துபோய் வெட்டிவிட நினைத்த பகுதியைத் தனி அத்தியாயமாக்கினேன். வாய்மொழித் தேர்விலும் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

என் பாட்டி வந்தது 1962-இல். அப்போது 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' என்ற கப்பலும் ஓடியது. ஒருவேளை நீங்கள் வந்தது அதுவா பாட்டி என்று கேட்டேன்.

"போடா, ரஜூலாதான்" என்றார்.