புதுப்பிப்பு: கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லி, இடம் கிடைத்தது

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு மாறுவது எப்படி என்று போன ஆண்டு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது: கணிதத்தில் இடம் கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது, 'அசிஸ்ட் தளத்தில் பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுப் பாருங்கள்' என்ற யோசனைதான். நம் கல்லூரியின் எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் தளம் அது. பெர்க்லியில் 'கணிதம் 54' என்பது ஒரே பாடம். அதற்கு ஈடாக என் கல்லூரியில் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் இரண்டையுமே முடிக்க வேண்டியிருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். 'டேக்' என்ற, நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் உறுதி என்னும் ஒப்பந்தம் பெர்க்லிக்குக் கிடையாது. சரி, ஒரு தைரியத்துக்கு, அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்கு அதைப் போட்டு வைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: நவம்பரில் விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை. ஜனவரியில், முந்தைய பருவத்தின் கிரேடுகளைத் தனியாகப் பதிய வேண்டும். அதைச் சொன்ன மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தது. தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது.