புதுப்பிப்பு: குதிரையேற்றத்தில் நான் எந்த நிலை?

நடை, டிராட் (துள்ளோட்டம்), கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) மூன்றும் வருகிறது, என்னை இடைநிலை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "வருஷக் கணக்கை விடுங்கள், பழகாத குதிரையில் ஏறிப் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். ஏறிப் பார்த்தேன். அருமையான யோசனை, நன்றி.

நான் வழக்கமாக ஏறும் குதிரை, பயிற்சியாளர் குரல் கேட்டாலே கேன்டருக்குப் போய்விடும். புதியது என் காலும் நான் உட்காரும் விதமும் சொன்னதை மட்டும்தான் கேட்டது. 20 மீட்டர் வட்டத்தில் டிராட் போகும்போது, குதிரையின் வெளிப்பக்க முன்கால் முன்னே போகையில் நாம் சேணத்திலிருந்து எழ வேண்டும். அது குனிந்து பார்க்காமலே பிடிபட்டது. ஆனால் கேன்டரில் குதிரையின் உள்பக்க முன்கால் முந்துகிறதா என்பதை இன்னும் அதன் தோளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அங்கவடியை (பாதம் வைக்கும் வளையம்) விட்டுவிட்டு டிராட். உடம்பு ஆடியது, கை ஆடவில்லை. எனக்கு இதுதான் முக்கியம். நாம் விழாமல் இருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் வலி முழுக்கக் குதிரையின் வாய்க்கு.

சரி, முடிவு என்ன? இனி யார் கேட்டாலும் "இடைநிலை" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லப் போவதில்லை. "டிராட் உறுதி, அமைதியான குதிரையில் கேன்டர் வரும், தடை தாண்டல் பழகவில்லை, திறந்தவெளியில் ஓட்டியதில்லை" என்றே சொல்வேன். நாம் சொல்வதை நம்பித்தானே குதிரையைத் தேர்ந்து தருகிறார்கள்! அடுத்து, பயிற்சியாளர் துணையோடு வேலிக்கு வெளியே போகிறேன்.