‘பேட்டா மாங்கே கார்’ என்று படித்தால் நீட்டில் மார்க் வருமா?

ராத்திரி ரிவிஷன்:
இரண்டாவது தடவையாக நீட் எழுதப்போகிறேன். கோச்சிங்கில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு நிமோனிக், அதாவது முதலெழுத்துகளை வைத்து நினைவில் நிறுத்தும் வாக்கியம், சொல்லித் தருகிறார்கள். இதற்கென்றே தனி நோட்டுப் போட்டு, அதில் 140 தாண்டிவிட்டது. தனிம அட்டவணையின் இரண்டாம் தொகுதித் தனிமங்களுக்கு, ‘பேட்டா மாங்கே கார் ஸ்கூட்டர் பாப் ராஸி’. பையன் காரும் ஸ்கூட்டரும் கேட்கிறானாம், அப்பாவுக்குச் சம்மதமாம். பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் இப்படி வரிசையாக நினைவுக்கு வரவேண்டும். எனக்கோ இந்தி தெரியாது. அதனால் முதலில் இந்தியை மனப்பாடம் செய்து, அப்புறம் தனிமத்துக்கு வருகிறேன். இந்த நேரத்துக்குப் பாடத்தையே முடித்திருக்கலாம் என்கிறாள் ரூம்மேட். நோட்டை வைத்துக்கொள்ளவா, தூக்கிப் போடவா?

வேதியியல் வாத்தியார்:
தூக்கிப் போடும்மா. 13ஆம் தொகுதிக்கு உங்கள் நோட்டில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன்: ‘பைங்கன் ஆலூ காஜர் இன் தைலா’. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கேரட், எல்லாம் ஒரு பையில். போரான், அலுமினியம், காலியம், இண்டியம், தாலியம். வரிசை சரிதான். ஆனால் 2018 நீட்டில் கேட்டது இவற்றின் அணு ஆரத்தின் ஏறுவரிசை. கீழே போகப்போக ஆரம் கூடும் என்று நம்பி, காய்கறிப் பையை அப்படியே கொட்டியவர்களுக்கு மார்க் போயிற்று. அலுமினியம் 143 பிக்கோமீட்டர், அதற்குக் கீழே இருக்கும் காலியம் 135தான். நடுவில் வந்து சேரும் ‘3டி’ என்ற உள்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை, அதனால் வெளிக்கூடு உள்ளே சுருங்குகிறது. இந்தக் காரணம் தெரிந்த பிள்ளைக்கு எந்தக் கேரட்டும் தேவையில்லை.

இரண்டாம் வருஷம்:
சார், மன்னிக்கணும், இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. காலியம் தன் வரிசையில் விலகி நிற்கிறது என்று சொல்ல, அந்த வரிசை முதலில் மனதில் இருக்க வேண்டாமா? 3டி விளக்கம் தெரிந்து, அலுமினியத்துக்குக் கீழே காலியமா இண்டியமா என்று தடுமாறுகிறவரையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது 180 நிமிடத்தில் 180 கேள்வி. அதில் 90 உயிரியல். ஹாலில் உட்கார்ந்து காரணம் யோசிக்க யாருக்கு நேரம்? நான் எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷம். மணிக்கட்டில் எட்டு எலும்பு இருக்கிறது. ஸ்கேபாய்டுக்குப் பக்கத்தில் லூனேட், அதற்குப் பக்கத்தில் டிரைக்வெட்ரல். இதில் ‘புரிந்துகொள்ள’ என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். ‘ஷீ லுக்ஸ் டூ பிரிட்டி’ என்ற வாக்கியம் இல்லாவிட்டால் அனாடமி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் அழுதிருப்பேன்.

செம்பருத்தி:
நான் நிஜமாகவே அழுதவள். ‘பிவிடி டிம் ஹால்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தியாவசிய அமினோ அமிலங்கள், அதாவது உடம்பு தேவைக்குச் செய்துகொள்ள முடியாமல் சாப்பாட்டில் வரவேண்டியவை, பத்து, பத்து எழுத்து. ஒரு மாடல் தேர்வில் கேள்வி வந்தது, விடைகளில் அலனின் இருந்தது. ‘ஹால்’ என்ற சொல்லில் ‘ஏ’ இருக்கிறதே என்று சந்தோஷமாக அதைக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன். அந்த ‘ஏ’ ஆர்ஜினைன்! முதலில் வரும் ‘பி’யும் புரோலின் கிடையாது, பினைல் அலனின். ‘டி’ இரண்டு தடவை வருகிறது: திரியோனின், டிரிப்டோஃபேன். டைரோசினும் ‘டி’தான், ஆனால் அதை பினைல் அலனினிலிருந்து உடம்பே செய்துகொள்ளும். எழுத்து நினைவிருந்தது, ஆள் நினைவில்லை. வரவேண்டிய 4 போய், மேலே 1 தண்டம். எதுவும் தெரியாமல் விட்டிருந்தால் அந்த ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

கூவிளம்:
தமிழாசிரியர், அறிவியல் கூட்டத்தில் நுழைந்ததற்குப் பொறுக்கவும். யாப்பில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வாய்பாடு படித்திருப்பீர்கள். நேர்நேர் வந்தால் தேமா. தேமாவை அசை பிரித்தால் ‘தே’ நேர், ‘மா’ நேர். புளிமாவில் ‘புளி’ நிரை, ‘மா’ நேர். அந்தச் சொல்லை உச்சரித்தாலே இலக்கணம் உள்ளே இருக்கிறது, மறந்தாலும் சொல்லைப் பிரித்து மீட்டுவிடலாம். உங்கள் காரிலும் ஸ்கூட்டரிலும் பெரிலியத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? முதலெழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை. என் சங்கடம் அதுதான்.

வேதியியல் வாத்தியார்:
ஐயா, அருமை. என் மனைவி தாவரவியல் ஆசிரியை. மியாசிஸ் என்ற செல் பிரிதல் பகுதியை இப்படித்தான் நடத்துவார். லெப்டோ என்றால் கிரேக்கத்தில் மெல்லிய, அதாவது குரோமோசோம் மெல்லிய நூலாக இருக்கும் கட்டம். சைகோ என்பது நுகத்தடி. இரண்டு மாட்டை நுகத்தில் பூட்டுகிற மாதிரி ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்கின்றன. ‘பாக்கி’ என்றால் கிரேக்கத்தில் தடித்த; ஜோடிக்குள் துண்டுகள் இடம் மாறும் கிராசிங் ஓவர் இங்கேதான். டிப்ளோ இரட்டை: ஜோடி பிரியத் தொடங்கி, கயாஸ்மா என்ற குறுக்குப் புள்ளிகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் டயாகைனசிஸ். மெலிந்தது சேர்ந்து, தடித்து, பிரிகிறது. வரிசை மாறவே வழியில்லை.

இரண்டாம் வருஷம்:
நுகத்தடி எனக்கும் பிடித்திருக்கிறது சார், இன்றைக்கே தம்பிக்குச் சொல்வேன். ஆனால் கிரேக்கம் தெரியாத பிள்ளைக்கு லெப்டோவும் பாக்கியும் இன்னொரு மனப்பாடம்தானே? கார் ஸ்கூட்டர் செய்கிற வேலையை அங்கே மாடு செய்கிறது. தமிழாசிரியர் ஐயாவுக்கும் ஒன்று: தேமாவை யாரோ உட்கார்ந்து யோசித்துப் பொருத்திச் செய்திருக்கிறார். எட்டு மணிக்கட்டு எலும்புக்கு அப்படி ஒன்றைச் செய்து கொடுங்கள், நான் ‘ஷீ லுக்ஸ்’ஸை விட்டுவிடுகிறேன்.

கூவிளம்:
எலும்புக்கு என்னால் ஆகாது. தோற்றேன்.

செம்பருத்தி:
தங்கச்சி நோட்டில் எத்தனை அவளாகவே செய்தது என்று யாரும் கேட்கவில்லையே.

ராத்திரி ரிவிஷன்:
ஒன்றுகூட இல்லை அக்கா. நேற்று ராத்திரி உட்கார்ந்து அடித்ததில் மிஞ்சியது 31. வாத்தியார் சார் சொன்னபடி காய்கறிப் பைக்குப் பக்கத்தில் ‘கேரட் சுருங்கும், 3டி’ என்று சிவப்பில் எழுதிவிட்டேன். பிவிடி டிம் ஹாலில் ஒவ்வோர் எழுத்துக்குக் கீழேயும் முழுப்பெயர். மியாசிஸுக்கு மாடு.

இந்திக்காரப் பையனை அனுப்பிவிட்டு இரண்டாம் தொகுதிக்கு நானே ஒன்று செய்தேன்: ‘பெரியம்மா மெத்தையில் கால்நீட்ட, ஸ்டூலில் பேசுது ரேடியோ’. எங்கள் பெரியம்மா மதியத்தில் அப்படித்தான் இருப்பாங்க. செய்ய அரை மணி நேரம் ஆயிற்று, இனி மறக்காது.

வேதியியல் வாத்தியார்:
நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விடமாட்டேன். இந்த ஆறில் முதல் அயனியாக்கும் ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், யாருக்கு அதிகம்?

ராத்திரி ரிவிஷன்:
பெரியம்மாவுக்குத்தான் சார். அவங்ககிட்டேயிருந்து ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.