நாலு மாசமா சம்பளம் தராத கால்பந்து கிளப்: தம்பி கிளம்பி வந்துவிடலாமா?

காட்பாடிக்காரன்:
தம்பி வெளிமாநிலத்தில் ஒரு கிளப்புக்கு விளையாடுகிறான், பெயர் வேண்டாம். பத்து மாத ஒப்பந்தம், மாதம் 40,000. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது, அப்புறம் நாலு மாதமாக ஒரு பைசா இல்லை. கேட்டால் ஸ்பான்சர் பணம் வரட்டும் என்கிறார் மேனேஜர். மெஸ்ஸில் சாப்பாடு போடுகிறார்கள், அதனால் பட்டினி இல்லை, ஆனால் அவன் அனுப்பும் பணத்தை நம்பித்தான் அம்மா சீட்டுக் கட்டுகிறார். நேற்று போன் பண்ணி "அண்ணா, ரயில் ஏறிடட்டுமா" என்றான். அப்படி வந்தால் ஒப்பந்தத்தை மீறியது அவன்தான் என்று திருப்பிவிடுவார்களா? இன்னொன்று, கிளப் ஒரு தாளை நீட்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளமும், வேறு கிளப்புக்குப் போக ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் (என்ஓசி) உடனே தருவார்களாம்.

பழைய கோல்கீப்பர்:
அந்தத் தாளைத் தொடக்கூட வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுவில் எங்காவது "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். நான் அப்படித்தான் படிக்காமல் போட்டேன், மூன்று மாதச் சம்பளம் போச்சு. ஒப்பந்தத்தின் நகல்கூட என் கையில் இல்லை, "ஆபீஸில் பத்திரமா இருக்கு தம்பி" என்றார்கள், நானும் நம்பினேன். இப்போது நேதாஜி ஸ்டேடியத்தில் காலையில் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், கோல்கிக்குக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி வக்கீல்:
ரயில் ஏறுவதற்கு முன்னால் நோட்டீஸ் போக வேண்டும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 14பிஸ் என்று ஒன்று 2018இல் சேர்த்தார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், வீரர் எழுத்தில் கேட்டு குறைந்தது 15 நாள் கெடு கொடுக்க வேண்டும், அதற்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். எழுதிக் கொடுக்காமல் முகாமை விட்டுக் கிளம்பினால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும், "சொல்லாமல் ஓடிவிட்டான்" என்று பதிலுக்குப் புகார் வரும்.

ஆனால் இவருக்கு ஃபிஃபா தீர்ப்பாயம் கிடையாது. வீரர் ஒரு நாடு, கிளப் வேறு நாடு என்றால்தான் அங்கே போகலாம். இருவரும் இந்தியா என்பதால் இந்தத் தகராறைப் பார்ப்பது அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டிதான். அதனால் ஒப்பந்தத்தில் முறிவு பற்றிய பிரிவு எத்தனை நாள் கெடு சொல்கிறது என்று முதலில் பாருங்கள், அதற்குக் குறையாமல் கொடுங்கள். ஒப்பந்தம் கூட்டமைப்பில் பதிவாகியிருக்கிறதா என்பதும் முக்கியம், தொகை ஒன்றைப் பதிந்துவிட்டு மீதியைக் கையில் தருவதாகச் சொல்லும் கிளப்புகள் உண்டு.

முறித்த பிறகு மிச்சமிருக்கும் நாலு மாதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். நடுவில் வேறு கிளப்பில் சேர்ந்தால் அங்கே வாங்கும் சம்பளத்தைக் கழித்துக்கொள்வார்கள், அதுவும் நியாயம்தான்.

சந்தேகக்காரன்:
எல்லாம் சரி சார், புகார் கொடுத்தவனை அடுத்த சீசன் யார் கூப்பிடுவார்? 2025 ஆகஸ்டில் இந்தியன் சூப்பர் லீக்கே நடக்குமா என்று தெரியாத நேரத்தில் பெங்களூரு எஃப்சி மாதிரி பெரிய கிளப்பே முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது, இந்திய அணியின் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரி ஆடிய அணி அது. சின்னக் கிளப்பில் ஒரு பையன் தனியாக என்ன கிழிப்பான்? 2014இல் ஸ்பெயினில் ராசிங் சாந்தாந்தேர் வீரர்கள் சம்பளம் வரவில்லை என்று கோப்பை ஆட்டத்தில் விசில் ஊதியதும் நடு வட்டத்தில் போய் அப்படியே நின்றுவிட்டார்கள், ஆட்டமே நின்றது. பதினொரு பேரும் சேர்ந்து நின்றதால் முடிந்தது.

சத்துவாச்சாரி வக்கீல்:
சேர்ந்து கேட்டால் நல்லதுதான், அந்த அணியில் இன்னும் யாருக்கெல்லாம் பாக்கி என்று தம்பி விசாரிக்கட்டும். நோட்டீஸ் மட்டும் ஆளுக்கொன்று தனித்தனியாகப் போக வேண்டும். கிளப்புக்கும் பயம் உண்டு, தீர்ப்பு வந்தும் கட்டாவிட்டால் புது வீரர்களைப் பதிவு செய்யவே தடை விழும். புது வீரர்களைப் பதிவு செய்யும் காலம் (டிரான்ஸ்ஃபர் ஜன்னல்) திறக்கும் மாதத்தில் பல கிளப்புகளுக்குத் திடீரென்று பணம் முளைப்பது அதனால்தான்.

ஆம்பூர் கணக்கு:
நான் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், கால்பந்து தெரியாது. ஆனால் தம்பியின் பான் நம்பரில் வருமான வரித் தளத்துக்குள் போய் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். கிளப் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரியை, பிடித்துக் கட்டியிருந்தால் அவர்கள் பெயர், தொகை, தேதி எல்லாம் அதில் இருக்கும். சம்பளமே வராத மாதத்துக்கும் பிடித்ததாகக் காட்டியிருந்தால் அவர்கள் எழுதிய கணக்கே உங்களுக்குச் சாட்சி. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கூடவே வையுங்கள்.

காட்பாடிக்காரன்:
பார்த்தேன். ஆறு மாதத்துக்கும் டிடிஎஸ் கட்டியிருக்கிறார்கள்! அம்மாவுக்குக் கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. ஒப்பந்தம் தம்பியின் மெயிலில் இருந்தது, அதிலும் 15 நாள்தான். நோட்டீஸை அவன் பெயரிலேயே எழுதி மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பச் சொல்லிவிட்டேன். அதுவரை தினமும் பயிற்சிக்குப் போ, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.