புதுப்பிப்பு: வெருலம் வீட்டுக்கு மேலாளர் வைத்தாயிற்று

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலையும் பார்த்துக்கொண்டு, பக்கத்து ஊரான வெருலத்தில் கட்டும் புது வீட்டை நானே மேற்பார்க்க முடியுமா, தனியாகக் கட்டுமான மேலாளர் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் "வையுங்கள்" என்றீர்கள். வைத்துவிட்டேன், மனசார நன்றி.

மூன்று பேரைப் பார்த்தோம். இரண்டு பேர் மொத்தச் செலவில் சதவீதம் கேட்டார்கள். செலவு ஏறினால் கூலியும் ஏறும் என்பது எனக்கு உறுத்தியது. மூன்றாமவர் மாதக் கட்டணத்துக்குச் சம்மதித்தார். அதைவிட, அவருடைய முதல் கேள்விதான் பிடித்தது: "என்எச்பிஆர்சியில் வீட்டைப் பதிந்தாச்சா?" (இங்கே வீடு கட்டுபவர்களையும் புது வீடுகளையும் பதியும் அமைப்பு அது.)

காண்டிராக்டர் பதிவு பெற்றவர்தான், ஆனால் வீட்டைப் பதியவில்லை! 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தொடங்க 15 நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். அஸ்திவாரம், சுவர் போன்றவற்றில் பெரிய குறை வந்தால் குடிபுகுந்த நாளிலிருந்து 5 ஆண்டு பாதுகாப்பு இருக்கிறது. அதை இழக்கப் பார்த்தோம். பதிந்த பிறகே மண் தோண்டினோம்.

அப்புறம் தளம் போட்ட நாள். கம்பி வலை பிளாஸ்டிக் விரிப்பின் மேலேயே படுத்துக் கிடந்தது. மேலாளர் குனிந்து வலைக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. கான்கிரீட் லாரி வாசலில் நிற்கிறது; காண்டிராக்டர் முணுமுணுக்கிறார். வலை கான்கிரீட்டுக்குள் பதிந்தால்தான் பலன் என்று, சிமெண்ட் கட்டைகள் வைத்து அதைத் தூக்கிய பிறகுதான் மேலாளர் ஊற்ற விட்டார். நான் பார்த்திருந்தால் கம்பி இருக்கிறதே என்று தலையாட்டியிருப்பேன்.

இப்போது சுவர் ஜன்னல் மட்டம் வந்திருக்கிறது. கூரை ஏறியதும் மறுபடி எழுதுகிறேன்.