வெள்ளெலிக்குத் தலை சாய்கிறது, எடை குறைகிறது, காரணம் புலப்படவில்லை

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து

வணக்கம். என் மகள் வளர்க்கும் பெண் வெள்ளெலி ஒன்றின் உடல்நிலை குறித்து, அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டலை வேண்டி இதை எழுதுகிறேன். பஞ்சு என்பது அதன் பெயர். குட்டியாக வந்த நாள் முதல் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. இப்போது ஏறத்தாழ ஒன்றரை வயது. சென்ற மழைக்காலத்தில் தும்மல் தொடங்கியது. கண்ணோரத்திலும் மூக்கு நுனியிலும் இரத்தம் உறைந்ததுபோல் சிவப்புக் கறை படிந்தது. துடைத்தால் போய்விடும், மறுநாள் காலையில் மீண்டும் தெரியும். தும்மல் குறைந்து நலமாகிவருகிறது என்று எண்ணியிருந்த வேளையில், இம்மாதத் தொடக்கத்திலிருந்து தலை இடப்பக்கமாகச் சாய்கிறது. நடக்கும்போதும் அதே பக்கமாக வட்டமிடுகிறது. முன்பு 310 கிராம் இருந்த எடை இப்போது 265 கிராம். நிலக்கடலையை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. கேழ்வரகுக் கூழை மட்டும் நக்கிக் குடிக்கிறது.

இங்குள்ள கால்நடை மருத்துவர் பொறுமையாகவே பார்த்தார். பெரும்பாலும் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் வைத்தியம் பார்ப்பதால் எலியின் நோயை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, இப்போதைக்கு வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் எலிக்காய்ச்சலை எண்ணி அஞ்சுகிறார்கள். மகளோ அதை மடியிலிருந்து இறக்க மறுக்கிறாள். இவை எல்லாம் ஒரே நோயின் அறிகுறிகளா? மருத்துவரிடம் மறுபடியும் செல்லும்போது எதைக் கேட்க வேண்டும்? அதுவரை உணவூட்டுவது எப்படி?

மறுமொழி: ஓசூரிலிருந்து

வணக்கம் சகோதரி. பல ஆண்டுகளாக எலிகளை வளர்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்தச் சிவப்புக் கறையைப் பற்றி அஞ்ச வேண்டாம். அது பெரும்பாலும் இரத்தம் அன்று. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உள்ளது. அதிலிருந்து சுரக்கும் போர்ஃபைரின் என்ற நிறமிதான் காய்ந்து சிவப்பாகத் தெரிகிறது. கடைகளில் கள்ள நோட்டைக் கண்டறிய வைத்திருக்கும் புற ஊதா விளக்கின் கீழ் கறையைத் துடைத்த துணியைப் பிடித்தால் இளஞ்சிவப்பாக ஒளிரும்; இரத்தம் அப்படி ஒளிராது. ஆனால் எலி நலமாக இருக்கும்போது தன் முகத்தைத் தானே கழுவிக்கொள்ளும் என்பதால், கறை தொடர்ந்து தங்குவது உடலுக்குள் ஏதோ தொல்லை இருப்பதைக் காட்டுகிறது.

வீடுகளில் வளரும் எலிகளில் மிகப் பெரும்பாலானவை மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற நுண்ணுயிரைக் குட்டிப் பருவத்திலேயே தாயிடமிருந்து பெற்றுவிடுகின்றன. அது மூக்கிலும் நுரையீரலிலும் அடங்கிக் கிடந்து, குளிர், தூசி, சிறுநீரின் அம்மோனியா நெடி, முதுமை போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறையும்போது தலைதூக்கும். நடுக்காதுக்கும் உட்காதுக்கும் பரவினால் தலை சாயும், வட்டமிடும். மழைக்காலத்துத் தும்மலும் இப்போதைய தலைச்சாய்வும் ஒரே தொடர்ச்சியாக இருக்கலாம் என்று நான் கருதுவது இதனால்தான்.

எனினும் இதே தோற்றத்தில் வரும் வேறொரு நோயும் உண்டு. ஒன்றரை வயதைக் கடந்த பெண் எலிகளுக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வருவது அரிதன்று. இரண்டையும் பிரித்தறிய ஓரளவு உதவுவது முன்னங்கால்கள்தாம். காதில் நோய் உள்ள எலி, தலை சாய்ந்திருந்தாலும் உணவை இரு கைகளாலும் பிடித்துத் தின்ன முயலும். பிட்யூட்டரி கட்டி உள்ள எலிக்குப் பிடிமானமே போய்விடும். முன்னங்கால்கள் விறைத்து முன்னே நீளும், உணவு நழுவி விழும், தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கும். எனவே ஒரு துண்டு வேகவைத்த முட்டையைக் கொடுத்து, அது பிடிக்கும் விதத்தைக் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் அஞ்சி ஒடுங்கி நிற்கும் எலியைப் பார்ப்பதைவிட, வீட்டில் எடுத்த காணொளியிலிருந்து மருத்துவர் அதிகம் அறிந்துகொள்வார். முன்பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எலிக்கு அவை வாழ்நாள் முழுதும் வளர்பவை, கோணலாக நீண்டுவிட்டால் கடலையைக் கடிக்க முடியாது.

மறுமொழி: தருமபுரி மாவட்டத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்

மேலே நண்பர் கூறியதை நான் ஏற்கிறேன். நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய மாட்டேன். உங்கள் மருத்துவர் கருத்தில் கொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். காதுத் தொற்று என்று ஐயம் எழுந்தால் என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சேர்த்தோ தனித்தோ வாய்வழியாகக் கொடுப்பதும், அழற்சிக்கு மெலாக்சிகாம் சேர்ப்பதும் வழக்கம். காதுக்குள் மருந்து எளிதில் சென்று சேர்வதில்லை என்பதால், மூன்று நான்கு வாரங்கள் வரைகூடத் தொடர வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். எங்களிடம் கையிருப்பில் இருப்பது பெரும்பாலும் மாடுகளுக்கான பத்து விழுக்காட்டு என்ரோஃப்ளாக்சசின் ஊசி மருந்து. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உண்டு. ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்று கொண்டாலும் உங்கள் எலிக்கு வேண்டியது 0.03 மில்லிக்கும் குறைவு. அதை நீர்த்துக் கலக்காமல் ஊசியாகப் போட்டால் தோலும் தசையும் புண்ணாகிவிடும். ஆகவே எடையைக் கிராம் கணக்கில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாய்வழி மருந்தாகக் கலந்து தரும்படி கேளுங்கள். வீட்டில் நீங்களாக ஊசி போட முயல வேண்டாம்.

இன்னொன்று, நம் பகுதிக்கே உரியது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அச்சத்து என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகிய இரு மருந்துகளையும் குடலிலேயே பிடித்துக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கும்; பாலும் தயிரும் அப்படியே. கூழை நிறுத்த வேண்டியதில்லை. மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்கள். மருந்தை வாழைப்பழ மசியலில் கலந்து தரலாம்.

எலிக்காய்ச்சலைப் பொறுத்தவரை, அது தொற்றுள்ள விலங்கின் சிறுநீர் வழியாகப் பரவுவது. தலைச்சாய்வு அதன் வழக்கமான அறிகுறி அன்று. வெளி எலிகள் கூண்டை நெருங்காமலும் தானிய மூட்டைகளின் அருகே கூண்டை வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டைத் துப்புரவு செய்தபின் சோப்பினால் கை கழுவுவதும், கையில் புண் இருந்தால் உறை அணிவதும் கட்டாயம். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், எலி வளர்ப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி: பாலக்கோட்டிலிருந்து

நோயுற்ற எலியைப் பராமரிப்பது பற்றிச் சில சொற்கள், அம்மா. தலை சுற்றும் எலி மேல்தட்டிலிருந்து விழுந்துவிடும் என்பதால் கூண்டை ஒரே தளமாக்கி, மரத்தூளை அகற்றிவிட்டுப் பழைய பருத்தி வேட்டித் துணியை விரியுங்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, விறகுப் புகை எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. எலியால் மூக்கு வழியாக மட்டுமே சரியாக மூச்சுவிட முடியும். வெயில் காலத்தில் அதன் வாலே உடற்சூட்டை வெளியேற்றும் உறுப்பு. அறை 30 பாகைக்கு மேல் சூடேறினால் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், மின்விசிறியை நேராகத் திருப்ப வேண்டாம்.

வேகவைத்த முட்டை மஞ்சள் கரு, மசித்த பூசணி, குழைந்த சோறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை வையுங்கள். 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லி நீர் உள்ளே போக வேண்டும். தானே குடிக்காவிட்டால் ஊசி நீக்கிய சிரிஞ்சினால் வாயோரத்தில் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளியையும் விழுங்கியபின் அடுத்ததை விடுங்கள். வேகமாக விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, விலா குழிந்து ஏறி இறங்கினாலோ, காதும் வாலும் நீலம் பாய்ந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. முட்டைத் துண்டை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. தின்னும்போதுதான் நிலைதடுமாறிச் சாய்கிறது. காணொளியைப் பார்த்த எங்கள் மருத்துவர் பற்களைச் சோதித்துவிட்டு, காதுத் தொற்றாகவே கொண்டு வாய்வழி மருந்தைத் தொடங்கியிருக்கிறார். மருந்துக்கு இணங்கவில்லை என்றால் என்ன செய்வது என்று மட்டும் மருத்துவர் ஐயா கூற வேண்டும்.

மறுமொழி: தருமபுரி மாவட்டத்துக் கால்நடை மருத்துவர்

பிடிமானம் இருப்பது நம்பிக்கை தருகிறது. முதலில் பசியும் எடையும் மீள்கின்றனவா என்று பாருங்கள்; தொற்று நீங்கிய பின்னும் தலைச்சாய்வு ஓரளவு தங்கிவிடலாம், அதோடு எலிகள் நன்றாகவே வாழப் பழகிக்கொள்ளும். பத்து நாட்களாகியும் எடை இறங்கிக்கொண்டே போனால், அல்லது முன்னங்கால்களின் பிடி தளர்ந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, ஓசூர் வழியாக பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ எடுத்துச் செல்லுங்கள். விடியற்காலையில் புறப்படுங்கள், தண்ணீர்ப் புட்டிக்குப் பதிலாகக் கூண்டில் வெள்ளரித் துண்டுகளை வையுங்கள். பிட்யூட்டரி கட்டி என்று ஐயம் உறுதியானால் கேபர்கோலின் என்ற மருந்து சில எலிகளுக்குச் சில காலம் நிம்மதி தருகிறது. அதுவும் பயனளிக்காமல், உண்ணவும் நிற்கவும் இயலாத நிலை வந்தால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி மகளையும் அருகில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் பேசுங்கள். எடைக் குறிப்பை வாரந்தோறும் இங்கே பதிந்தால் நானும் பார்க்கிறேன்.