புதுப்பிப்பு: நானுஓயாவில் இருந்து நுவரெலியாவுக்கு சைக்கிளில் வேலைக்குப் போவது

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: வீடு நானுஓயாவில், வேலை நுவரெலியா டவுனில், மெயின் ரோட்டில் போவதா, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் போவதா, என்ன சைக்கிள் வாங்கலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மெயின் ரோடுதான். தோட்டத்து ரோட்டில் வாகனம் குறைவு, ஆனால் மழை பெய்தால் கொழுந்து லொறி போன தடத்தில் சில்லு புதைகிறது. மெயின் ரோடான ஏ7இல் 200 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும் என்றாலும் எழுந்து நின்று மிதிக்கத் தேவைப்படவில்லை.

ஏற்றத்துக்கு லேசான கியர் உள்ள சைக்கிள் வாங்கச் சொல்லி ஓர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செயின் ஓடும் பற்சக்கரத்தில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல். மிதி ஒரு சுற்று வந்தால் சில்லு முக்கால் சுற்றுக்கூட வராது. மெதுவாகத்தான் போகும், ஆனால் மூச்சு வாங்காது.

உண்மையில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். பின்னேர மழையில் பழைய சைக்கிளின் பிரேக் ரப்பர் ரிம்மில் வழுக்கும், கறுத்த தண்ணீர் காலெல்லாம் தெறிக்கும், நிற்க இரண்டு பஸ் நீளம் போகும். இப்போது டிஸ்க் பிரேக். அப்புறம், பனிமூட்டம் இறங்கினால் பகலிலும் பின் லைட்டைப் போட்டுவிடுங்கள். பஸ்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஒதுங்கிப் போகிறார்கள்.